இம்மாத நூல்

கண்ணில் அறுவை முடிந்து மனைவியை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் மூன்று விஷயம் சொன்னார். குனியக் கூடாது, அழக் கூடாது, மாதம் முடியும்வரை படிக்கக் கூடாது. முதல் இரண்டுக்கும் அவள் பேசாமல் தலையாட்டினாள். குனிகிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. அழுகிற பழக்கம் அந்த வீட்டில் புருஷனுக்குத்தான் உண்டு. மூன்றாவதைக் கேட்டதும்தான் வாயைத் திறந்தாள்.

"டாக்டர், நான் பாதியில இருக்கேன்."

"எதுல பாதியில?"

"கதையில."

மருத்துவருக்கு விளங்கவில்லை. புருஷனுக்கு விளங்கியது. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மனைவியைப் பார்த்துக்கொள்ள விடுப்பு எடுத்திருந்தார். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் ஊர்வம்பு பேசும்போது இவள் ஒரு நாவலோடு ஜன்னலோரம் போய்விடுவாள். அப்படி எடுத்த ஒரு குடும்ப நாவலின் முதல் பாகத்தில் பாதி படித்திருந்தபோதுதான் கண்ணில் திரை விழுந்த மாதிரி ஆகி, மருத்துவமனை, அறுவை, கறுப்புக் கண்ணாடி என்று வந்து நின்றது. பார்வை எவ்வளவு திரும்பும் என்பது மாதக் கடைசியில்தான் தெரியும் என்றார் மருத்துவர். 'திரும்பும்' என்று சொல்லவில்லை, 'எவ்வளவு' என்றுதான் சொன்னார். அதை இருவருமே கவனித்தார்கள். இருவருமே அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பதிலாக ஓட்டுநர் படித்துக் காட்டத் தொடங்கினார். அவருக்குப் புத்தகம் பழக்கமில்லை. ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் ஆள் இறங்க நேரம் கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படிப்பார். பத்தி முடிந்தால் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பார். என்றாலும் நாளாக ஆக அவருக்கும் கதை பிடித்துக்கொண்டது. முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், அடைமழையில், பல வருஷமாகத் தனியாக இருக்கிற கதாநாயகியின் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு போய்த் திறக்கிறாள். "நீயா?" என்கிறாள். முதல் பாகம் முற்றும்.

"யாருங்க அது?" என்றாள் மனைவி.

ஓட்டுநர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரும் இல்லையே" என்றார்.

"நம்ம வாசல்ல இல்லைங்க. கதையில!"

ஓடிப்போன புருஷனா, சண்டை போட்டுக்கொண்டு போன தங்கையா, விடுதியில் விட்ட மகனா? அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைகளில் விசாரித்ததில், அந்தப் பதிப்பு தீர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது என்றார்கள். முதல் பாகத்தை எடுத்த பொது நூலகத்துக்கே ஓட்டுநர் போனார்.

நூலகத்தைப் புதுப்பித்திருந்தார்கள். முன்பு அலமாரிகள் நின்ற கீழ்த்தளம் முழுக்க இப்போது நாற்காலிகள். நடுவில் ஒரு மேடை, மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டியைச் சுற்றிப் பட்டுக்கயிறு, மேலே ஒரு சிறு விளக்கு. விளக்கு வெளிச்சத்தில், தலையை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தது இரண்டாம் பாகம். கீழே 'இம்மாத நூல்: அனைவரும் வாசிப்போம்' என்று பலகை.

அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கவுண்டரில் இருந்த அம்மாவிடம் போய், "இம்மாத நூலைக் குடுங்கம்மா" என்றார்.

"அதைக் குடுக்க முடியாதுங்களே."

"அனைவரும் வாசிப்போம்னு போட்டிருக்கே?"

"ஆமா. அனைவரும் வாசிக்கணும்னுதான் வச்சிருக்கோம்."

"நான் வாசிக்கிறேன். குடுங்க."

கவுண்டர் அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்குக் குடுத்துட்டா, அனைவரும் வாசிப்போம்னு சொல்றதுக்கு அங்க எதை வைக்கிறது?"

ஓட்டுநர் யோசித்துப் பார்த்தார். அந்தக் கேள்வியில் எங்கோ ஒரு பள்ளம் இருப்பது தெரிந்தது. எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை. "சரி, ஏன் ரெண்டாம் பாகத்தை வச்சீங்க? முதல் பாகத்தை வச்சிருக்கலாமே?"

"முதல் பாகம் ஒல்லிங்க. நிக்க மாட்டேங்குது, சாஞ்சு சாஞ்சு விழுது."

"வேற பிரதி எதுவும் இல்லையா?"

"இருந்துச்சு, நாலஞ்சு. போன மாசம் காகிதப் பூ பயிற்சி முகாம் வச்சாங்கல்ல, அதுல போயிடுச்சு. இந்தப் புத்தகத்தோட தாள் நல்லா மடங்குதாம்." குரலைத் தாழ்த்தி, மேசைமேல் இருந்த சாடியிலிருந்து ஒரு பூவை உருவி அவர் கையில் கொடுத்தார். "இது அதுல செஞ்சதுதான். வச்சுக்கங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

அந்தப் பூவை ஓட்டுநர் சட்டைப் பையில் பத்திரமாக வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி கட்டிலில் சாய்ந்திருக்க, இதழ் இதழாகப் பிரித்துப் படித்தார்.

"'...வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது...'"

"தூரத்துல இருந்து வந்திருக்காங்க. அப்புறம்?"

"'...மீசையில் ஒட்டியிருந்த...'"

"மீசை!" அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப புருஷன்தான். நான் நெனச்சேன். அடுத்த இதழைப் படிங்க."

"'...பாலை நக்கிவிட்டு அவள் மடியில்...'"

அவர் இதழைப் புரட்டிப் பார்த்தார்.

"பூனையா இருக்குமோ?" என்றார் ஓட்டுநர்.

"அடைமழையில பூனை வந்து கதவைத் தட்டுமா?"

"நாவல்ல தட்டலாம்ல."

மற்ற இதழ்களில் பசை ஏறி எழுத்து கலைந்திருந்தது. அவள் பூவின் காம்பை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "கண்ணு வருதோ இல்லையோ, எனக்கு இந்தக் கதை முடிஞ்சாகணும். கதை ஓடுறப்பதான் நான் அதை நெனைக்காம இருக்கேன்."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறுநாள் காலையில் ஓட்டுநர் நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

இம்முறை அவரை நிகழ்ச்சி அலுவலரிடம் அனுப்பினார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கைபேசி, முகத்தில் எப்போதும் யாரோ படம் எடுக்கப்போகிற மாதிரி ஒரு சிரிப்பு. அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"சார், நீங்க இப்ப வெறும் வாசகர். வெறும் வாசகருக்கு நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா இந்த மாச நிகழ்ச்சி எல்லாத்துலயும் கலந்துக்கிட்டீங்கன்னா 'முனைப்பு வாசகர்' ஆயிடுவீங்க. நிறைவு விழா முடிஞ்சதும் இம்மாத நூல் முதல்ல முனைப்பு வாசகருக்குத்தான்."

"முனைப்பு வாசகர் இதுவரைக்கும் எத்தனை பேர் சார்?"

"நீங்க சேர்ந்தா ஒருத்தர்" என்றார் அலுவலர் பெருமையோடு.

முதல் நிகழ்ச்சி, இம்மாத நூல் பற்றிய கலந்துரையாடல். அரங்கில் ஓட்டுநர் இருந்தார். ஓய்வு நேரத்தில் வந்து உட்கார்ந்த காவலாளி இருந்தார். ஏசிக் காற்றுக்காக உள்ளே வந்து, கதவை மூடிவிட்டதால் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாள் இருந்தார். புகைப்படம் எடுப்பதற்கு முன் அலுவலர் மூவரையும் இடப்பக்கம் உட்காரவைத்து 'மூத்தோர் வரிசை' என்றார். படம் எடுத்தபின் வலப்பக்கம் உட்காரவைத்துத் தலையில் தொப்பி மாட்டி 'இளைஞர் வரிசை' என்றார். அந்த அம்மாளுக்கு மட்டும் கூடுதலாக நடுவரிசையில் ஒரு படம், 'இல்லத்தரசிகள்' என்று.

நூலக இயக்குநர் மேடை ஏறினார். நல்ல உயரம், நல்ல குரல்.

"திரண்டிருக்கும் பெருமக்களே! நான் இந்தப் பொறுப்புக்கு வந்தபோது இந்த நூலகத்தின் நிலைமை என்ன தெரியுமா? எங்கே திரும்பினாலும் புத்தகம்! மக்கள் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. வருகிறவர்கள் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு விழா உண்டா? ஒரு பேச்சு உண்டா? இன்றைக்குப் பாருங்கள். புத்தகங்களை எல்லாம் மேல்மாடியில் பூட்டிப் பத்திரப்படுத்திவிட்டோம். இப்போது நூலகம் மூச்சு விடுகிறது! சிலர் என்னிடம் கேட்கிறார்கள், ஐயா, நீங்கள் படிப்பீர்களா என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். சமைக்கிறவனே எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டால் வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும்?"

காவலாளி கை தட்டினார். அவருடைய ஓய்வு நேரம் அதற்குள் முடிந்துவிட்டது, ஆனால் எழுந்து போகத் துணிச்சல் வரவில்லை.

பிறகு இயக்குநர் இம்மாத நூலுக்கு வந்தார். அதன் கனத்தைப் பாராட்டினார். எழுத்தின் அளவைப் பாராட்டினார். எந்தப் பக்கத்தில் வைத்தாலும் அது நேராக நிற்பதை, நிமிர்ந்த வாழ்க்கைக்கு உவமையாகச் சொன்னார். கேள்வி நேரம் வந்தது. ஓட்டுநர் எழுந்தார்.

"ஐயா, ரெண்டாம் பாகத்துல கதவைத் தட்டுனது யாருங்க?"

இயக்குநர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கவுண்டர் அம்மாவைப் பார்த்தார். கவுண்டர் அம்மா தரையைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி" என்றார் இயக்குநர். "ஆழமான கேள்வி. கதவைத் தட்டியது யார்? இந்தக் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நமக்குள்ளே கேட்டுக்கொள்ள வேண்டும்."

"கேட்டுக்கிட்டுதாங்க இருக்கேன். வீட்டுல அவளும் கேட்டுக்கிட்டிருக்கா. பதில்தான் வேணும்."

அலுவலர் வேகமாக வந்து அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "சார், இது நூல் கலந்துரையாடல். கதைக்குள்ள எல்லாம் போகாதீங்க. கதைக்கு நேரம் ஒதுக்கலை."

அடுத்தது அமைதி வாரம். தொடக்க விழாவுக்குப் பேண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். இயக்குநர் ரிப்பன் வெட்டியதும் வெடி வெடித்தது. அதன்பின் நாள் முழுக்க ஒலிபெருக்கி, ஒவ்வொரு தளத்திலும், அமைதியின் பயன்களைச் சொல்லிக்கொண்டே இருந்தது. சுவரில் ஒரு சத்தமானி மாட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி இளைப்பாறும்போது மட்டும் அலுவலர் ஓடிவந்து அதைப் படம் எடுப்பார். அப்படி ஓர் இடைவெளியில் முள் துடித்துவிட்டது. தேடிப் பார்த்தால், தினமும் வந்து செய்தித்தாள் படிக்கிற ஒரு பெரியவர், பக்கத்தைத் திருப்பியிருந்தார்.

"ஐயா, அமைதி வாரம் நடக்குது" என்றார் அலுவலர். "ஒரு வாரத்துக்குத் திருப்பாம படிங்க."

பெரியவர் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவரை அதற்குப்பின் யாரும் அங்கே பார்க்கவில்லை. சத்தமானிக்கு அந்த வாரம் முழுக்க வேறு தொந்தரவு வரவில்லை.

ஓட்டுநர் தினமும் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தார். மனைவி கதவு திறக்கும் சத்தத்திலேயே தெரிந்துகொள்வாள்.

"இன்னைக்கும் இல்லையா?"

"இன்னைக்கு அமைதியா இருந்தோம்."

"எல்லாருமா?"

"ஒலிபெருக்கியைத் தவிர."

அவள் சிரித்தாள். ஆனால் நாள் ஆக ஆக அவள் சிரிப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. பகலெல்லாம் மேற்கூரையைப் பார்த்தபடி, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கண்ணை மூடியும் மற்றதை மூடியும் அவள் ஏதோ சோதித்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

கடைசி வாரம் வாசிப்பு நடை. நகர வீதிகளில் வாசிப்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டு ஊர்வலம் போவது. ஊர்வலத்தின் முன்னால் இம்மாத நூலே நடந்துவர வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. நிஜ நூலை வெயிலில் கொண்டுபோக முடியாது அல்லவா? அட்டைப்பெட்டியில் ஆள் உயரத்துக்கு ஒரு நூல் செய்திருந்தார்கள். உள்ளே ஆள் நுழைய இடம், கைக்கு இரண்டு ஓட்டை, முகத்துக்கு ஒன்று.

"சார், உங்க உயரம் கச்சிதமா இருக்கு" என்றார் அலுவலர்.

ஓட்டுநர் புத்தகத்துக்குள் நுழைந்தார். விடுப்பு எடுத்தது இதற்குத்தானா என்று ஒரு நினைப்பு வந்தது. அதை ஒதுக்கிவிட்டு நடந்தார். பாதித் தெரு போனபின்தான் அவருக்கு அது உறைத்தது. புத்தகத்தின் பின்புறம் கதையைப் பற்றி நாலு வரி போட்டிருப்பார்களே! இந்தப் பெட்டியை அசல் மாதிரியே செய்திருந்தால், யார் கதவைத் தட்டியது என்பது இப்போது அவர் முதுகில் இருக்கிறது.

அவர் திரும்பினார். முதுகும் திரும்பியது. இன்னொருமுறை வேகமாகத் திரும்பினார். பின்னால் வந்தவர்கள் அது ஊர்வலத்தில் சேர்ந்த ஆட்டம் என்று நினைத்துத் தாங்களும் சுற்றினார்கள். பின்னால் நடந்த ஊழியரிடம், "என் முதுகுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க" என்று கெஞ்சினார். "நடக்கத்தான் சார் சொல்லியிருக்காங்க" என்றார் அவர். "படிக்கச் சொல்லலை."

சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. பக்கத்தில் வந்து நின்றது ஓட்டுநரின் சொந்தப் பேருந்து. விடுப்பில் போன அவருக்குப் பதில் வேறு யாரோ ஓட்டினார்கள். படிக்கட்டில் அவருடைய கண்டக்டர் நின்றிருந்தார்.

"அண்ணே! நீங்களா? என்ன கோலம் இது?"

"அதை அப்புறம் சொல்றேன்டா. சீக்கிரம், என் முதுகைப் படி!"

"என்னண்ணே?"

"முதுகைப் படின்னா படி! பச்சை விழப்போகுது!"

கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். பேருந்திலிருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டினார்கள். "'அந்த மழை இரவில்... கதவைத் தட்டியது... யார்?'"

"யாரு? யாரு?"

"'விடை, உள்ளே!'"

பச்சை விழுந்தது. பேருந்து கிளம்பிவிட்டது. நூலுக்கு உள்ளே இருந்த ஓட்டுநர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அன்று மாலை முழுவதையும் கேட்டுவிட்டு மனைவி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "நிறைவு விழா என்னைக்கு?" என்றாள்.

"நாளன்னைக்கு."

"நானும் வர்றேன்."

"டாக்டர் வெளிய போகக் கூடாதுன்னு..."

"குனியக் கூடாது, அழக் கூடாது, படிக்கக் கூடாது. மூணுதான் சொன்னாரு. நூலகத்துக்குப் போகக் கூடாதுன்னு சொல்லலை. நீங்க சொல்றதைப் பார்த்தா அங்க போனா படிக்க வேண்டிய ஆபத்தும் இல்லை."

நிறைவு விழாவுக்குக் கூட்டம் இருந்தது. மேல் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதால் அக்கம்பக்கத்து அலுவலகங்களில் இருந்தெல்லாம் பிடித்து வந்து நிரப்பியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு புருஷன் கையைப் பிடித்து மெல்ல உள்ளே வந்த மனைவியைப் பார்த்ததும் நிகழ்ச்சி அலுவலரின் முகம் அப்படியே பூத்தது.

"மேடம், உங்களுக்குப் பார்வை..."

"ஆபரேஷன் ஆகியிருக்குங்க. இன்னும் சரியா..."

"அது போதும்" என்றார் அலுவலர் குரல் தழுதழுக்க. "அது போதும் மேடம். சிறப்புப் பிரிவுல இந்த மாசம் ஒருத்தர்கூட வரலையேன்னு எவ்வளவு கவலைப்பட்டோம் தெரியுமா? அறிக்கையில அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு. கடவுள் மாதிரி வந்தீங்க."

ஓட்டுநர் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவளை மேடைக்குக் கூட்டிப்போய் நடு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் இம்மாத நூலை எடுத்து இயக்குநர் கையில் கொடுத்தார். இயக்குநர் ஒலிவாங்கியின் முன் நின்றார்.

"இதோ இந்தத் தாயைப் பாருங்கள். பார்வை இல்லை. ஆனாலும் நூலகம் தேடி வந்திருக்கிறார். ஏன்? புத்தகத்தின்மேல் உள்ள பாசம்! கண் இருந்தும் படிக்காதவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஏன், நானே..." சட்டென்று நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "நானே பலரைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதம் முழுவதும் இந்நூலைக் கண்ணின் இமைபோலக் காத்தோம். ஒரு விரல்ரேகை படவில்லை! ஒரு பக்கம்கூட மடங்கவில்லை! இப்படிப்பட்ட நூலை, படிக்க முடியாத ஒருவருக்கு வழங்குவதைவிட நூலுக்குப் பாதுகாப்பு வேறு உண்டா!"

கைதட்டல் அதிர்ந்தது. இயக்குநர் நூலை நீட்டினார். மனைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அப்படியே பிடிங்கம்மா, கேமராவைப் பாருங்க" என்றார் புகைப்படக்காரர். பார்த்தாள். படம் முடிந்தது. இயக்குநர் சிரித்தபடியே நூலை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

நூல் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தார். அன்றாடம் அடுக்கடுக்காகத் துணியை அழுத்திப் பிடித்து வெட்டுகிற கைகள் அவை.

"அம்மா, விடுங்க" என்றார் தாழ்ந்த குரலில். ஒலிவாங்கி அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

"குடுத்தீங்களே?"

"அது படத்துக்கும்மா."

"எனக்குத்தான் கண்ணு தெரியாதுன்னு சொன்னீங்க. படத்தை வச்சு நான் என்ன செய்ய?"

அரங்கில் யாரோ சிரித்தார்கள். இது நிகழ்ச்சியில் ஏற்கெனவே ஒத்திகை பார்த்த பகுதி என்று நினைத்து மேல் அலுவலகத்து ஆட்கள் கை தட்டினார்கள். அவர்கள் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். இயக்குநர் ஒரு கையால் நூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கூட்டத்துக்கு வணக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. வணக்கம் சொன்ன நேரத்தில் பிடி தளர்ந்தது.

கீழே நின்ற ஓட்டுநருக்கு தன் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ, காவல் நிலையம்வரை போய்விடுமோ என்றெல்லாம் தோன்றியது. ஆனால் அவள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டைக் காலால் துழாவுவதைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துவிட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"பார்த்து. மூணு படி. குனியாதே."

"குனியலை. வண்டியை எடுங்க."

வாசலில், புத்தகத்தை யாரும் கேட்காமல் எடுத்துப்போனால் கூவுகிற ஒரு கம்பி வளைவு இருந்தது. அவர்கள் அதைத் தாண்டியதும் அது வீறிட்டது. காவலாளி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது ஒலித்ததே இல்லை. புத்தகம் வெளியே போனால்தானே ஒலிக்கும்? விழாவுக்காக வைத்த ஏதோ இசை என்று எண்ணி, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓட்டுநர் முதல் பக்கத்தைத் திறந்தார். படித்தார்.

"'நீயா?' என்றாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி நனைந்துகொண்டு நின்றாள். 'மாடியில உன் புடவை நனையுது, எடுக்கலையா?' என்றாள்."

அமைதி வாரத்தில்கூட இல்லாத அமைதி அந்த அறையில் நிலவியது.

"புடவையா?" என்றாள் மனைவி.

"புடவைதான்."

"இதுக்கா நீங்க புத்தகத்துக்குள்ள நுழைஞ்சு ஊரைச் சுத்துனீங்க?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்துவிடக் கூடாது என்று முகத்தை மேலே தூக்கிக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். மருத்துவர் தடை போட்ட வேலையை அவர் ஒருவரே இருவருக்கும் சேர்த்துச் செய்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தார். கதை நன்றாகத்தான் இருந்தது.

சில நாளில் மருத்துவர் கண்ணைப் பார்த்தார். ஒரு கண் நன்றாகத் திரும்பியிருந்தது. மற்றது கொஞ்சம் மங்கல்தான், அது அப்படியேதான் இருக்கும் என்றார். வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கலாம் என்றும் சொன்னார். அவள் அங்கேயே, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை ஒரு கண்ணால் படித்துவிட்டு, கீழே சின்னதாக அச்சிட்டிருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்தாள்.

அன்று மாலை வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இயக்குநரும் நிகழ்ச்சி அலுவலரும் இறங்கினார்கள். மனைவி புத்தகத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஓட்டுநர் வாசலை மறித்தபடி நின்றார்.

"உள்ள வரலாமா?" இயக்குநரின் குரல் மேடையில் கேட்டதைவிட மிகச் சின்னதாக இருந்தது. "சிறந்த சமூக நூலகம் விருதுக்கு நம்மளைப் பரிசீலிக்கிறாங்க. நாளைக்குக் குழு வருது. பெட்டி காலியா இருக்கு."

"வேற புத்தகத்தை வைங்களேன்" என்றாள் மனைவி.

"மாசம் முழுக்க எடுத்த படத்துல இதுதானே இருக்கு" என்றார் அலுவலர். "வேற வச்சா கண்டுபிடிச்சிடுவாங்க."

"நாங்க இன்னும் முடிக்கலை. முடிச்சதும் நானே கொண்டுவந்து குடுக்கறேன். நாங்க ஒண்ணும் திருடங்க இல்லை."

"ஐயையோ, முடிங்கம்மா, நிதானமா முடிங்க!" இயக்குநர் இரண்டு கையையும் விரித்தார். "உள்ள இருக்கறதை நீங்களே வச்சுக்கங்க. அதைக் கேட்டு நாங்க வரலை. எங்களுக்கு அட்டை மட்டும் குடுத்தா போதும்."

ஓட்டுநர், தனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மனைவியைப் பார்த்தார்.

"அட்டையை வச்சு?" என்றாள் அவள்.

"உள்ள ஒரு பலகை வச்சுக்குவோம்" என்றார் அலுவலர் உற்சாகமாக. "அதே கனத்துல சொல்லி வச்சாச்சு. பலகைன்னா இன்னும் நேரா நிக்கும். பூச்சி அரிக்காது, பக்கம் கிழியாது. யாரும் எடுத்துட்டுப் போகவும் மாட்டாங்க. யோசிச்சுப் பார்த்தா, இதை முதல்லயே செஞ்சிருக்கணும் சார்."

"அடுத்த மாசத்துலேருந்து எல்லாத்துக்கும் பலகைதான்" என்றார் இயக்குநர்.

மனைவி எழுந்தாள். தன் பெரிய கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். ஒரு நூல் பிசிறு இல்லாமல், முன்னும் பின்னும் முதுகும் சேர்த்து அட்டையை வெட்டி எடுத்து இயக்குநர் கையில் வைத்தாள். அவர் அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டார். வெள்ளைக் கையுறை எடுத்துவர மறந்துவிட்டதற்காக அலுவலரைக் கடிந்துகொண்டார். காரில் அட்டைக்குத் தனி இருக்கை கொடுத்தார்கள்.

விருது கிடைத்தது. நூலைப் புத்தம்புதிதாகப் பாதுகாத்ததைக் குழு தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியதாகச் செய்தித்தாளில் வந்தது. படத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், எந்தப் பக்கமும் சாயாமல், தலை நிமிர்ந்து நின்றது பலகை.

அட்டை போனதும் புத்தகம் தாங்கவில்லை. நடுவில் தையல் விட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது. முதலில் மனைவிக்குக் கோபம் வந்தது. பிறகு, தான் நல்ல கண்ணால் பின்பாதியைப் படிக்கலாம், இத்தனை நாள் தொண்டை வறளப் படித்துக் காட்டிய மனுஷர் முன்பாதியைத் தனக்காக ஒருமுறை மறுபடி படித்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தாள். அவள் ஜன்னலோரம் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரத்திலிருந்து, "அடப்பாவி!" என்று ஒரு சத்தம் வந்தது.

"யாரு?" என்று எழுந்த ஓட்டுநர், உடனே காதைப் பொத்திக்கொண்டார். "வேண்டாம், சொல்லாதே!"

"ஒரே ஒரு வார்த்தை சொல்றேங்க."

"வேண்டாங்கறேன்ல!"

"அப்ப வேகமா படிங்க" என்றாள் அவள் பக்கத்தைத் திருப்பியபடி. "என்னால ரொம்ப நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது."